கடலடியில் தப்பிய வெண்கலம்

இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் வட்டாரத்துச் சால்கோம்ப் கரைக்கு அப்பால், 2004-ஆம் ஆண்டில் முக்குளிப்போர் கடலடியிலிருந்து வெண்கலப் பொருள்கள் சிலவற்றை எடுத்தனர். அவற்றுள் ஒன்று, வடமேற்கு ஐரோப்பியத் தொல்லியலாளர்களுக்குப் பழக்கமான எந்த வகையிலும் சேரவில்லை. மரக்காம்பைச் செருகுவதற்குக் குழாய்போன்ற பிடி வைத்து வார்த்த கருவி அது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஸ்டூவர்ட் நீடமும் இத்தாலியத் தொல்லியலாளர் கிளாடியோ ஜார்டினோவும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் அதன் பிறப்பிடம் சிசிலித் தீவு என்று காட்டினார்கள். கூடவே கிடைத்தவற்றில் பிரெஞ்சு வகைகள் இருந்தன. அவற்றின் காலம் கி.மு. 13-ஆம் நூற்றாண்டு. சிசிலியில் அந்தக் கருவி எந்த வேலைக்குப் பயன்பட்டது என்பதிலேயே ஆய்வாளர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. மத்தியதரைக் கடலின் நடுவே வார்த்த ஒரு கருவி அட்லாண்டிக்கின் ஓரம்வரை வந்திருக்கிறது என்றால், அத்தகைய போக்குவரத்தின் தடயம் பிரிட்டன் மண்ணில் ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது? போக்குவரத்தே அரிதாக இருந்தது என்பது எளிய விடை. அந்த விடை தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். நிலத்தில் கிடைக்கும் வெண்கலம், உலைக்குப் போகாதபடி மனிதர் விலக்கி வைத்தது. கடலில் கிடைக்கும் வெண்கலம், உலைக்குப் போகும் வழியில் அவர்கள் இழந்தது. முன்னதை மட்டும் வைத்து வணிகத்தின் அளவையும் திசையையும் கணித்தால் கணக்கு தப்பும்.

முதலில் சான்றின் தகுதியைப் பார்க்க வேண்டும். தெற்கு இங்கிலாந்தின் மண்ணில் கிடைத்ததாகச் சொல்லப்படும் மத்தியதரைக் கடல் வகை வெண்கலப் பொருள்கள் சில முன்பே அறியப்பட்டிருந்தன. ஆனால் அவற்றை ஆய்வாளர்கள் சந்தேகத்தோடுதான் நடத்தினார்கள். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலிக்குச் சுற்றுலா போன ஆங்கிலச் செல்வர்கள் பழம்பொருள்களை வாங்கிக் குவித்தார்கள். அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் பிற்காலத்தில் தவறி விழுந்த பொருள்கூடத் தொல்பழங்கால இறக்குமதி என்று பெயர் பெறலாம். கடலில் கிடைத்ததாலேயே இந்தச் சந்தேகம் தீர்ந்துவிடாது. நேப்பிள்ஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த வில்லியம் ஹாமில்டன் சேர்த்த கிரேக்கக் கலயங்களை ஏற்றிவந்த கொலோசஸ் என்ற போர்க்கப்பல் 1798-இல் இங்கிலாந்தின் சில்லித் தீவுகள் அருகே மூழ்கியது. ஆக, இங்கிலாந்துக் கடலடியில் தென் இத்தாலியப் பழம்பொருள் கிடப்பதற்கு இருநூறு ஆண்டு வயதுள்ள காரணமும் இருக்கக்கூடும். சால்கோம்ப் கருவியைக் காப்பாற்றுவது அதன் சுற்றம். சேகரிப்பாளர் ஒருவர் கப்பலேற்றும் பொருள்கள் முழுமையானவையாக, கண்ணுக்கு அழகானவையாக, பல நூற்றாண்டுகளைச் சேர்ந்தவையாக இருக்கும். இங்கோ சிசிலிக் கருவி வழங்கிய அதே காலத்துப் பிரெஞ்சு வகை வெண்கலங்கள், எந்தச் செல்வரும் விலை கொடுத்து வாங்காத சாதாரணப் பொருள்கள், அதனோடு கிடைத்தன. இரண்டு வெவ்வேறு வழிகளில் காலம் கணித்தும் ஒரே நூற்றாண்டில் வந்து பொருந்துவது தற்செயலாக நேர்வது அரிது.

இனி, மண் ஏன் மௌனமாக இருக்கிறது என்ற கேள்வி. வெண்கலத்தின் இயல்பிலேயே விடை இருக்கிறது. செம்போடு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் வெண்கலம் கிடைக்கிறது. தூய செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும்; வெண்கலம் அதற்குக் குறைவான வெப்பத்திலேயே இளகி, அச்சில் நன்றாக ஓடுகிறது. உடைந்த மட்பாண்டம் உடைந்ததுதான். உடைந்த கல்கோடரியைச் சிறிதாக்கலாமே தவிரப் புதிதாக்க முடியாது. வெண்கலமோ எத்தனை முறை உடைந்தாலும் மறுபடி மூசைக்குள் போய்ப் புதுப் பொருளாக வெளிவரும். பழைய வெண்கலப் பானையை எடைக்குப் போட்டுப் புதிய பாத்திரம் வாங்கும் வழக்கமுள்ள நம் வீடுகளில், பாட்டி காலத்துப் பாத்திரங்கள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் இதன் விளைவு புரியும். புழக்கத்தில் மிகுதியாக இருந்த பொருளே தடயமின்றி மறைகிறது. நிலத்தில் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் யாரோ வேண்டுமென்றே சுழற்சியிலிருந்து எடுத்துவிட்டவை: இறந்தவரோடு புதைத்தவை, ஆற்றிலும் சதுப்பிலும் நேர்ந்து விட்டவை, மீட்க எண்ணிப் புதைத்து மீட்காமல் போனவை. எதைப் புதைப்பது, எதை உருக்குவது என்பதை அந்தந்தச் சமூகத்தின் நம்பிக்கையும் தேவையும் தீர்மானித்தன. உள்ளூரில் மதிப்புள்ள வடிவம் புதைகுழிக்குப் போகும்; பயன்படுத்தத் தெரியாத அயல்நாட்டு வடிவம் நேராக உலைக்குப் போகும். அப்படியானால் இறக்குமதிப் பொருள்தான் மற்றவற்றைவிட விரைவில் அழியும்.

இந்த ஊகத்தைச் சோதிக்க ஒரு நல்ல வாய்ப்பு டோவர் துறைமுகத்துக்குக் கிழக்கே, லாங்டன் விரிகுடாவில் கிடைத்தது. 1974-இல் அங்கு மூழ்கிய உள்ளூர் முக்குளிப்போர் சங்கத்தினர் வெண்கலப் பொருள்களைக் கண்டார்கள். பிந்தைய ஆண்டுகளின் தேடலில் தொகை முந்நூற்றைம்பதைத் தாண்டியது. கோடரிகள், குறுவாள் அலகுகள், ஈட்டிமுனைகள், அணிகள் எனப் பல வகை. பல உடைந்தவை, தேய்ந்தவை. காலம் கி.மு. 1300-க்கும் 1150-க்கும் இடைப்பட்டது. இவற்றுள் நம் வாதத்துக்கு முக்கியமானவை, பக்கவிளிம்புகள் இறக்கைபோல் மடிந்து காம்பைப் பற்றிக்கொள்ளும் கோடரிகள். பிரான்சில் பரவலாக வழங்கிய இந்த வகை பிரிட்டன் மண்ணில் கிடைப்பது மிக அரிது. நில வரைபடத்தை மட்டும் பார்ப்பவர், இந்தக் கோடரிகள் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கவில்லை என்றே முடிவு செய்வார். கடலடியோ அவை கடந்தன என்று, அதுவும் ஒன்றிரண்டாக அல்ல, குவியலாகக் கடந்தன என்று சொல்கிறது. கரையேறியவை எங்கே போயின? உலைக்குத்தான் போயிருக்க வேண்டும். கடலடித் தொல்லியலுக்கு முறையான அடித்தளம் இட்டவர்களுள் ஒருவரான கீத் மக்கல்ராய் இந்த இடத்தையும் டெவன் கரையின் மூர் சாண்ட் பகுதியையும் ஆராய்ந்து, இவை பழைய உலோகம் ஏற்றிவந்த படகுகளின் சுவடுகள் என்று வாதிட்டார். 1980-இல் முக்குளிப்பு விபத்தில் அவர் இறந்தபின், அடுத்த ஆண்டு அந்த ஆய்வு வெளிவந்தது. அதன் சாரம் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நிற்கிறது: இங்கு பயணித்தது கோடரி என்ற கருவியல்ல, கோடரி வடிவில் இருந்த உலோகம்.

பிரிட்டனுக்கு அயல் உலோகம் தேவைப்பட்டதற்கான காரணமும் தெளிவாகவே இருக்கிறது. வடக்கு வேல்ஸின் கிரேட் ஓர்ம் செம்புச் சுரங்கத்தைப் பற்றி ஆலன் வில்லியம்ஸும் அவருடைய பிரெஞ்சுக் கூட்டாளியும் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அது கி.மு. 1600-க்கும் 1400-க்கும் இடையே உச்சத்தில் இருந்தது. அதன் செம்பு பிரான்சின் பிரிட்டனி தொடங்கிப் பால்டிக் கரைவரை போயிருக்கிறது. கி.மு. 1400-க்குப் பிறகு வளமான தாது தீர்ந்து, உற்பத்தி சிறு அளவில் தேங்கியது. அதற்கு ஓரிரு நூற்றாண்டு கழித்துத்தான் லாங்டன், சால்கோம்ப் தொகுதிகள் வருகின்றன. உள்நாட்டுச் செம்பு சுருங்கியபோது பிரிட்டனின் கன்னார்கள் கண்டத்து உலோகத்தை நம்பினார்கள். அது வார்ப்புக்கட்டியாகவும் வந்தது, உடைந்த கோடரியாகவும் வந்தது. வாங்குகிறவருக்கு வேண்டியது எடை. வடிவத்தைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. சுரங்கத்தின் சரிவும் கடலடித் தொகுதிகளின் காலமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால், லாங்டன் சரக்கு விதிவிலக்கான ஒரு பயணத்தின் மிச்சம் என்று ஒதுக்குவது கடினம்.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, லாங்டனில் படகின் ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை என்பது. கி.மு. 1300 வாக்கில் துருக்கியின் தென்கரையில் மூழ்கிய உலுபுருன் கப்பலில் பத்து டன் செம்போடும் ஒரு டன் வெள்ளீயத்தோடும் கப்பலின் மரமும் ஓரளவு மிஞ்சியிருந்தது. அப்படிப்பட்ட சான்று டோவரில் இல்லாதபோது, கரையோரப் பாறையின் மேல் புதைத்த புதையல் ஒன்று, பாறை அரித்து விழுந்தபோது கடலுக்குள் சரிந்திருக்கலாமே என்று கேட்கிறார்கள். டோவரின் வெள்ளைச் சுண்ணப்பாறைகள் தொடர்ந்து அரிபடுவது உண்மை, கேள்வியும் நியாயமானது. உலுபுருன் ஆழத்தில், தன் சரக்கின் அடியிலேயே அமிழ்ந்த கப்பல். லாங்டன் ஆழமற்ற, நீரோட்டம் மிகுந்த, பாறைத் தரைகொண்ட இடம். அங்கே மரம் மூவாயிரம் ஆண்டு தாங்காது என்பதால், பலகை இல்லாமை எந்தப் பக்கத்துக்கும் சான்றாகாது. இதைவிட முக்கியமானது, பாறைச்சரிவு விளக்கத்தையே ஏற்றாலும் நம் வாதம் சரியாது என்பது. பிரிட்டனில் அரிதான பிரெஞ்சுக் கோடரிகள் பிரிட்டன் கரையில் குவியலாக இருந்தன என்பதே வேண்டிய செய்தி. அவை கடலில் மூழ்கினவா, கரையேறிய கையோடு பாறை மேல் மறைத்து வைக்கப்பட்டனவா என்பது அடுத்த கேள்வி. எப்படியிருந்தாலும் உலையை அடையுமுன் சுழற்சியிலிருந்து தவறியவை அவை.

இரண்டாவது மறுப்பு ஆழமானது. வெண்கலக் கால ஐரோப்பாவில் நீர்நிலைகளில் உலோகத்தைக் காணிக்கையாக இடும் வழக்கம் பரவலாக இருந்தது; ரிச்சர்ட் பிராட்லி 1990-இல் எழுதிய நூல் இதை விரிவாக நிறுவியது. தேம்ஸ் ஆற்றிலிருந்து எடுத்த வாள்களும் ஈட்டிகளும் இதற்கு எடுத்துக்காட்டு. ஸ்பெயினின் உவெல்வா கழிமுகத்தில் 1923-இல் தூர்வாரியபோது கிடைத்த வெண்கலக் குவியலையும் முதலில் கப்பற்சேதம் என்றார்கள். பின்னர் காணிக்கை என்ற வாதமும் வலுத்தது. அலிஸ் சாம்சன் 2006-இல் எழுதிய கட்டுரையில், வடமேற்கு ஐரோப்பியக் கடலோரக் கண்டெடுப்புகளைக் கப்பற்சேதம் என்று எடுத்த எடுப்பிலேயே கொள்வதைக் கேள்விக்குள்ளாக்கினார். ஆற்றுக்குக் காணிக்கை இட்ட மக்கள் கடலுக்கும் இட்டிருக்க மாட்டார்களா? இட்டிருக்கலாம். ஆனால் காணிக்கைக்கு ஒரு தெரிவு முறை இருக்கிறது. ஆற்றில் இட்டவற்றில் போர்க்கருவிகள், அவற்றிலும் உயர்ந்த வேலைப்பாடுள்ளவை, மேலோங்குகின்றன. அவை உள்ளூர் மக்கள் மதித்த வடிவங்கள். லாங்டன் தொகுதியில் மரம்வெட்டும் கோடரிகளும் உடைந்த அலகுகளும் அணிகளும் கலந்து கிடக்கின்றன; உள்ளூரில் யாரும் பெருமையாகக் கருதிய தடயமற்ற வடிவங்கள் அதிகம். சால்கோம்ப் கடலடியிலோ பிற்காலத் தேடலில் நாற்பது வெள்ளீயக் கட்டிகளும் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட செம்புக் கட்டிகளும் கிடைத்தன. உருவம் பெறாத கச்சாப் பொருளை இத்தனை அளவில் கடலில் நேர்ந்து விட்டார்கள் என்று காட்டுவதற்கு, வடமேற்கு ஐரோப்பாவில் ஒப்பான வழக்கம் ஒன்றைச் சுட்ட வேண்டியிருக்கும். படகு கவிழ்ந்தது என்பதற்கு அப்படி எதையும் சுட்டத் தேவையில்லை. அந்தக் கடற்கரையில் எல்லா நூற்றாண்டுகளிலும் கப்பல்கள் உடைந்திருக்கின்றன.

மூன்றாவது மறுப்பு வேதியியல் வழியாக வருகிறது. உருக்கினாலும் உலோகத்தின் மூலத்தை ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்கலாமே, கிரேட் ஓர்ம் செம்பைப் பால்டிக் வரை தொடர்ந்து சென்றது அந்த முறைதானே என்பது அது. உண்மை. ஒரே சுரங்கத்தின் செம்பு பெருமளவில், கலப்பின்றிப் புழங்கிய காலத்துக்கு இம்முறை சிறப்பாகப் பொருந்தும். ஆனால் ஒவ்வொரு உருக்கலும் உலோகத்தின் வேதியியல் கையெழுத்தை மங்கச் செய்கிறது. பீட்டர் பிரேயும் மார்க் பொல்லார்டும் 2012-இல் விளக்கியதுபோல், உலையில் ஆர்சனிக்கும் ஆன்டிமனியும் காற்றோடு வினைபுரிந்து குறைந்துகொண்டே போகும்; வெள்ளியும் நிக்கலும் பெரும்பாலும் தங்கிவிடும். இந்த வேறுபாட்டால், ஒரு பொருள் பலமுறை உருகியதா என்று ஊகிக்க முடிகிறது. ஆனால் ஐந்து நாட்டுப் பழைய உலோகம் ஒரே மூசையில் கலந்த பிறகு, அந்தக் கலவையிலிருந்து ஐந்து நாட்டையும் பிரித்துச் சொல்வது பெரும்பாலும் இயலாது. ஈயத்தின் ஐசோடோப்புகளும் நடுவிலான ஒரு மதிப்பையே காட்டும். ஆகவே வேதியியல் நம் வாதத்தை மறுக்கவில்லை. கடலடியின் முக்கியத்துவத்தை இன்னும் கூட்டுகிறது. உருகுமுன் மூழ்கிய பொருளில்தான் வடிவமும் கலவையும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் இருக்கின்றன. சால்கோம்ப் கருவியை வார்த்த இடம் சிசிலி என்று நமக்குத் தெரிவது அதன் வடிவத்தால். அது இங்கிலாந்து மூசை ஒன்றில் உருகியிருந்தால் அதோடு சிசிலியும் கரைந்து போயிருக்கும்.

கச்சாப் பொருளுக்கு இது இன்னும் பொருந்தும். பிரிட்டனிலிருந்து வெளியே போன பொருளில் முதன்மையானது வெள்ளீயமாக இருந்திருக்க வேண்டும். கார்ன்வாலும் டெவனும் ஐரோப்பாவின் வளமான வெள்ளீயப் பகுதிகளுள் சேர்ந்தவை. ஆனால் வெள்ளீயக் கட்டி நிலத்தில் கிடைப்பது அரிது, ஏனெனில் அதன் பயனே செம்போடு கலந்து மறைவதுதான். அதனால் வெண்கலக் கால வெள்ளீய வணிகம் பற்றிய அறிவு பெரும்பாலும் கடலடியிலிருந்தே வருகிறது. சால்கோம்ப் கட்டிகளின் வேதியியலும் ஐசோடோப்பும் தென்மேற்கு பிரிட்டனின் தாதுக்களோடு ஒத்துப்போகின்றன. இஸ்ரேல் கரைக்கு அப்பால் கிடைத்த கி.மு. 1300-ஐ ஒட்டிய வெள்ளீயக் கட்டிகளையும் கார்ன்வாலோடு இணைத்து 2019-இல் ஒரு ஜெர்மன் குழுவும், 2025-இல் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரை உள்ளடக்கிய குழுவும் ஆய்வு வெளியிட்டன. உலுபுருன் வெள்ளீயம் பற்றி 2022-இல் வந்த ஆய்வோ, அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மத்திய ஆசியாவிலிருந்தும் எஞ்சியது அனத்தோலியாவிலிருந்தும் வந்ததென்று சொல்கிறது. இவை முரண்படுவதாகத் தோன்றலாம். கிழக்கு மத்தியதரைக் கடல் ஒரே மூலத்தை நம்பியிருக்கவில்லை என்று கொண்டால் முரண் இல்லை. இந்த விவாதம் எப்படி முடிந்தாலும், இரு தரப்பும் கையில் வைத்திருக்கும் சான்று மூழ்கிய கட்டிகள்தாம் என்பது கவனிக்கத்தக்கது.

சிசிலிக் கருவியை வைத்து எவ்வளவு தூரம் போகலாம்? இங்கே நிதானம் வேண்டும். சிசிலி மாலுமி ஒருவர் ஜிப்ரால்ட்டரைச் சுற்றிக்கொண்டு டெவனுக்கு வந்தார் என்று முடிவு கட்ட அது போதாது. பொருளின் பயணம் வேறு, மனிதரின் பயணம் வேறு. தென் பிரான்சின் கரையில் கைமாறி, ஆற்று வழியாக அட்லாண்டிக் பக்கம் வந்து, அங்கிருந்து பழைய உலோகக் குவியலோடு கால்வாய் கடந்திருக்கலாம். கூடவே பிரெஞ்சு வகைகள் கிடைப்பது இந்த வழிக்கு ஆதரவாகவே இருக்கிறது. கடைசியாக அதைப் படகில் ஏற்றியவருக்கு அது சிசிலியில் பிறந்தது என்பதுகூடத் தெரியாமல் இருந்திருக்கலாம். கால்வாயைக் கடக்கும் திறன் அக்காலப் படகுகளுக்கு இருந்தது: 1992-இல் டோவரில் சாலைப் பணியின்போது கிடைத்த கி.மு. 1550-ஐ ஒட்டிய படகு, ஓக் பலகைகளை யூ மரத்தின் முறுக்கிய கொடிகளால் தைத்துச் செய்தது. அத்தகைய படகுகளுக்கு முப்பத்து மூன்று கிலோமீட்டர் அகல நீரிணை எட்டாத தொலைவல்ல. சிசிலி வேறு உலகம். எனவே அந்த ஒற்றைக் கருவி நிறுவுவது நேரடி வணிகத்தை அல்ல. ஒன்றோடொன்று கோத்த பல குறுவழிகள் மத்தியதரைக் கடலையும் அட்லாண்டிக்கையும் இணைத்தன என்பதை மட்டுமே அது நிறுவுகிறது. அடக்கமான முடிவு இது; ஆனால் மண்ணில் கிடைத்த பொருள்களால் மட்டும் இதை எட்ட முடிந்திருக்காது.

கடைசி மறுப்பு, கடலுக்கும் சார்பு உண்டு என்பது. முக்குளிப்போர் போகக்கூடிய ஆழமற்ற நீரில்தான் கண்டெடுப்புகள் குவிகின்றன. கனமான உலோகம் மிஞ்ச, உப்பும் துணியும் தானியமும் தோலும் அடிமைகளும் தடயமின்றிப் போகிறார்கள். மூழ்கிய படகு ஒரே ஒரு பயணத்தின் சாட்சி. இவை அனைத்தும் சரி. இதனால்தான் கடலடித் தொகுதியிலிருந்து ஆண்டுக்கு இத்தனை டன் உலோகம் போனது என்று கணக்கிட யாரும் துணியக் கூடாது. ஆனால் கடலின் சார்பும் நிலத்தின் சார்பும் ஒரே வகையல்ல. நிலத்தில் தேர்ந்தெடுத்தவர்கள் அக்காலத்து மனிதர்கள். அவர்களுடைய விருப்பமே நம் சான்றை வடிகட்டுகிறது. கடலில் தேர்ந்தெடுத்தது காற்றும் அலையும். பிரெஞ்சுக் கோடரி ஏற்றிய படகை மட்டும் பார்த்துப் புயல் கவிழ்ப்பதில்லை. மூழ்கியவற்றில் மிகச் சிறு பங்கே நமக்குக் கிடைத்திருக்கிறது. அந்தச் சிறு பங்கில், ஒரே கடற்கரையின் இரு முனைகளில், ஏறத்தாழ ஒரே காலத்தில், மண்ணில் அரிதான அயல் உலோகம் திரளாகக் கிடைக்கிறது. அதை விதிவிலக்கு என்பதைவிட வழக்கம் என்று கொள்வதே அறிவுக்கு உகந்தது.

இதிலிருந்து முறையியல் சார்ந்த ஒரு முடிவு பிறக்கிறது. ஒரு பொருள் எங்கெங்கே கிடைத்தது என்று புள்ளி வைத்துப் பரவலை அறியும் வரைபடங்கள் மட்பாண்டத்துக்கும் கல்லுக்கும் நன்றாக உதவும், ஏனெனில் அவை கைவிட்ட இடத்திலேயே தங்குகின்றன. உருக்கி மறுபடி வார்க்கக்கூடிய எதற்கும், வெண்கலமானாலும் பொன்னானாலும் வெள்ளியானாலும் கண்ணாடியானாலும், அந்த வரைபடம் காட்டுவது புழக்கத்தை அல்ல, விலக்கலை. வெற்றிடம் காணும் இடத்தில் ‘இங்கு வரவில்லை’ என்று எழுதுமுன் ‘வந்து உருகியதா’ என்று கேட்டாக வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை தரக்கூடிய இடங்கள் கரையோரக் கடலடியில் இருக்கின்றன. பொருளோடு பொருள் கிடந்த நிலை குறிக்கப்படும்வரைதான் அவை விடை தரும். கூட்டத்திலிருந்து பிரித்து எடுத்திருந்தால், சால்கோம்ப் கருவி எந்த வீட்டுக் கண்ணாடி அலமாரியிலும் இருக்கக்கூடிய இத்தாலிய நினைவுப்பொருளாகவே முடிந்திருக்கும். எந்தப் பொருளுக்குப் பக்கத்தில் எது கிடந்தது என்று எழுதிவைத்த முக்குளிப்போரின் குறிப்புகளே அதைச் சான்றாக்கின. வெண்கலக் கால வணிகத்தைப் பற்றி அடுத்து வரப்போகும் அறிவும் பெரும்பாலும் அந்தக் குறிப்புகளின் தரத்தைப் பொறுத்தே அமையும்.